ஆனையிறவில் வீதியோரம் நிற்கும் புல்டோசர்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் எமது நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஊர்ப் பயணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். எந்த விமானத்தில் கட்டணம் குறைவு, கொழும்பிலிருந்து வானுக்கு என்ன வாடகை, நல்லூர்க் கொடியேற்றம் எப்போது என்று கேட்பார்கள். ஆனால் அண்மையில் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு தாயார் அழைத்துக் கேட்ட கேள்வி வேறு மாதிரியானது.

"அண்ணா, போன வருசம் ஊருக்குப் போகேக்க ஆனையிறவில வானை நிற்பாட்டினவை. அந்தப் புல்டோசரைப் பார்த்திட்டு என்ரை மகன், 'இது ஆற்றை நினைவுச் சின்னம்? அவர் நல்லவரோ, கெட்டவரோ?' எண்டு கேட்டான். நான் 'வெயில் சுடுது, வானுக்குள்ள ஏறு' எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டன். இன்னும் அவனுக்குப் பதில் சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா றேடியோவில சொல்லுங்கோவன்."

அந்தச் சகோதரிக்காகவும், அதே வெயிலில் அதே பதிலைச் சொன்ன ஏனைய பெற்றோருக்காகவும் நான் ஆற்றிய உரையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

அது எந்த இடம்?

வன்னிப் பெருநிலப்பரப்பையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டுதான் ஆனையிறவு. இருபக்கமும் கடல்நீரேரி, வெட்டவெளி, உப்பளம். முன்னொரு காலத்தில் வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகளை ஏற்றுமதிக்காக யாழ்ப்பாணப் பக்கம் கொண்டுபோக, ஆழம் குறைந்த இந்த நீரில் இறக்கிக் கடத்தினார்கள். ஊரின் பெயரே அந்தக் கதையைச் சொல்லும். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இருந்ததும் இங்கேதான். குடாநாட்டுக்குத் தரைவழியாகப் போகிற எவரையும் இந்த வாசலில் நின்று மறிக்கலாம். ஆகவேதான் இராணுவமும் இங்கே பெரிய முகாம் அமைத்தது.

பரந்தனைத் தாண்டி வடக்கே வரும்போது ஏ9 வீதியின் ஓரத்தில், மேடை ஒன்றின் மீது, இரும்புத் தகடுகள் பொருத்திய பழைய புல்டோசர் ஒன்று நிற்கிறது. அதுதான் கோப்ரல் காமினி குலரத்னவின் நினைவிடம். சிங்கள மக்கள் அவரை 'ஹசலக காமினி' என்றும், 'ஹசலக வீரயா' என்றும் அழைப்பார்கள். ஹசலக என்பது கண்டி மாவட்டத்தில் உள்ள ஊர். கண்டியிலிருந்து மகியங்கனை போகும் மலைப்பாதையில் பதினெட்டு வளைவுகளை இறங்கி முடித்தால் வரும். 2009 இல் போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ்களில் வந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்கி வணங்கிவிட்டுப் போனார்கள். எம்மவரின் வான்களும் இங்கே நிற்பதுண்டு.

1991 ஜூலையில் நடந்தது என்ன?

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 10 ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமைக் கைப்பற்றுவதற்குப் பெரும் தாக்குதலைத் தொடங்கினார்கள். 'ஆகாயக் கடல் வெளிச் சமர்' என்று அவர்கள் பெயரிட்டது இதற்குத்தான். முகாமில் சிங்க றெஜிமெண்டின் 6 ஆவது பட்டாலியன் படையினர் இருந்தார்கள். அதுவரை மறைந்திருந்து தாக்கிய இயக்கம், ஒரு மரபுவழி இராணுவத்தைப் போல வெட்டவெளியில் முன்னேறி வந்த முதலாவது பெரும் சண்டை இது என்று சொல்லலாம்.

வெட்டவெளியில் மறைவு எது? மரமில்லை, மேடில்லை. புலிகளிடம் தாங்கிகள் இருக்கவில்லை. வீதி வேலைக்குப் பயன்படும் புல்டோசருக்குத் தடித்த இரும்புத் தகடுகளைப் பொருத்தி, அதனை முன்னே விட்டு, அதன் மறைவில் காவலரண்களை நோக்கி நகர்ந்தார்கள். துப்பாக்கிச் சூடு அந்தத் தகடுகளைத் துளைக்கவில்லை. முகாமின் அரண் உடையும் நிலை வந்தது.

ஜூலை 14 ஆம் திகதி. அப்போது லான்ஸ் கோப்ரல் தரத்தில் இருந்த காமினி குலரத்ன கைக்குண்டுகளுடன் அந்த இயந்திரத்தை நோக்கி ஓடினார். சூடுபட்ட நிலையிலும் அதன் மீது ஏறி, குண்டுகளை உள்ளே போட்டார். இயந்திரம் நின்றது. உள்ளே இருந்தவர்களும் இறந்தார்கள், அவரும் இறந்தார். வயது 25 நிரம்பவில்லை.

அதே வேளையில் வெற்றிலைக்கேணிக் கடற்கரையில் இராணுவம் பெரும் எண்ணிக்கையில் தரையிறங்கியது. 'பலவேகய' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். கரையிலிருந்து முகாமை அடைய அவர்களுக்கு வாரக்கணக்கில் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் மாத முற்பகுதியில்தான் முற்றுகை உடைந்தது. அந்த ஒரு மாதத்தில் புலிகள் தரப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இராணுவத் தரப்பில் ஏறத்தாழ இருநூறு பேர். காமினி குலரத்னவுக்கு இராணுவத்தின் அதியுயர் வீர விருதான 'பரம வீர விபூஷணய' வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதலாவது ஆள் அவர்தான். அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இருக்கவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. குடாநாட்டில் இருந்தேன். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் தென்கிழக்குப் பக்கமாக முழங்கிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தபடி, "இது அங்காலப் பக்கத்து அடி, இது இஞ்சாலப் பக்கத்து அடி" என்று கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளியிருந்த பொடியன் ஒருவன் அந்தச் சண்டைக்குப் போனான். என்னைவிட இரண்டு வயது இளையவன். என்னிடம் கணக்கியல் பாடக் கொப்பி இரவல் வாங்கியிருந்தான். அவனும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவனுக்கு நினைவுக்கல் மட்டும் நாட்டினார்கள். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இயந்திரத்துக்குக் கைமாறிய கதை

சண்டை முடிந்த பிறகும் அந்த இயந்திரம் அங்கேயே நின்றது. 2000 ஏப்ரல் 22 ஆம் திகதி ஆனையிறவு முழுவதுமாகப் புலிகளிடம் வீழ்ந்தது. 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 பாதை திறக்கப்பட்டதும், பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு எம்மவர் தரைவழியாக யாழ்ப்பாணம் போனார்கள். அப்போது போனவர்களுக்கு, வீதியோரம் துருப்பிடித்து நின்ற அந்தப் புல்டோசர் நினைவிருக்கும். எத்தனை பேர் அதன் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தோம்! அன்று அதை நாங்கள் 'எங்கட பொடியள் செய்த தாங்கி' என்று பெருமையாகக் காட்டினோம்.

2009 ஜனவரி 9 ஆம் திகதி இராணுவம் ஆனையிறவை மீண்டும் கைப்பற்றியது. பிறகு அதே இரும்பு மேடைக்கு ஏறியது. இன்று அதைக் காட்டும் பெற்றோர் வேறு, அது சொல்லும் கதையும் வேறு. சற்றுத் தூரத்தில், கைகள் இலங்கைத் தீவை ஏந்தி நிற்பது போன்ற பெரிய வெற்றிச் சின்னமும் எழுந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் விளங்கப்படுத்த வேண்டியது இதுதான். இறந்தவர் தமக்குத் தாமே நினைவுச் சின்னம் கட்டுவதில்லை. இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். யார் கையில் அந்த வீதி இருக்கிறதோ, அவர்கள் சொல்ல விரும்பும் கதையைத்தான் வீதியோரக் கல் சொல்லும்.

இது எங்களுக்குப் புதிய விடயமல்ல. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டுவது தமிழரின் பழைய வழக்கம். கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துச் சொல்கிறது. அவற்றில் பல, ஊரின் மாடுகளைக் கவர வந்தவர்களை மறித்து இறந்த இளைஞர்களுக்கானவை. வழிப்போக்கர் கண்ணில் படுமாறு பாதையோரம் நாட்டி, இறந்தவனின் பெயரையும் செயலையும் அதில் எழுதினார்கள். மாட்டைக் கவர வந்து இறந்த மறுபக்கத்துப் பொடியனின் பெயர் அந்தக் கல்லில் இராது. அவன் ஊர்க்காரர் வேறொரு கல்லை நாட்டியிருப்பார்கள்.

மறுபக்கத்துக் கல் எங்கே?

கணக்கு எழுதிச் சீவிப்பவன் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் இரட்டைப் பதிவு என்று ஒரு விதி உண்டு. எந்தக் கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் பதிய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் எழுதிய தொகை உண்மையாகவே இருந்தாலும் கணக்குச் சமப்படாது. ஆனையிறவு நினைவிடத்தில் எழுதியிருப்பது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு இளைஞன் தன் கூட்டாளிகளைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்தான். அவர்கள் இறந்ததும் அதே இடம், அதே நிமிடம். அந்தப் பதிவு அங்கே இல்லை.

வேறெங்காவது இருக்கிறதா? இருந்தது. 1991 இல்தான் மாவீரர் துயிலும் இல்லங்கள் உருவாகத் தொடங்கின. கோப்பாய் அவற்றில் முதன்மையானது. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். 1995, 96 இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு அது இடிக்கப்பட்டது. 2002 இற்குப் பிறகு மீண்டும் கட்டினார்கள். உடைந்த பழைய கற்களின் துண்டுகளையும் ஒரு பக்கத்தில் குவித்து வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அது இரண்டாம் தடவையும் இடிக்கப்பட்டது. 2011 மார்ச்சில் அந்த நிலத்தின் மேல் இராணுவத்தின் 51 ஆவது டிவிசன் தலைமையகம் திறக்கப்பட்டது. வடக்குக் கிழக்கில் இருந்த மற்றத் துயிலும் இல்லங்களும் தரைமட்டமாக்கப்பட்டன.

அந்த வேலையையும் புல்டோசர்கள்தான் செய்தன. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டபோதும் கனரக இயந்திரம்தான் வந்தது. மாணவர்களின் போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. ஒரு புல்டோசர் வீதியோரம் மேடையில் ஏற்றப்பட்டு வணங்கப்படுகிறது. வேறு புல்டோசர்கள் கல்லறைகளை உழுதுவிட்டுப் போயின. ஆனையிறவில் எம்மவர் வானைவிட்டு இறங்க மனமில்லாமல் இருப்பதற்குக் காரணம் காமினி குலரத்ன அல்ல. அவருக்கு ஒரு கல் இருப்பது எங்களுக்கு நோவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த கல்லைப் பிடுங்கியதுதான் நோவு.

முன்னே சொன்ன அந்தப் பொடியனின் தாயாருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. கார்த்திகை 27 இல் அவவை ஓட்டோவில் ஏற்றிக் கோப்பாய்க்குக் கொண்டுபோவார்கள். உள்ளே போக முடியாது. முகாமுக்கு முன்பாக உள்ள காணியில், வீதியோரம், மற்றத் தாய்மாரோடு நின்று ஒரு சுட்டி கொளுத்திவிட்டு வருவா. "கல்லு இல்லாட்டிலும் பரவாயில்லை மேனே, அவன்ரை பேரை அந்த இடத்தில நிண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு வரவேணும்" என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னா. அந்த ஓரடி இடம்தான் அவனுக்கு இப்போது இருக்கும் வீதியோர நினைவிடம்.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். ஹசலக போன்ற ஊர்களிலிருந்து படைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சம்பளத்துக்காகப் போனவர்களும் அவர்களில் உண்டு. போரில் காணாமற்போன படையினரின் பெற்றோரும் சங்கம் அமைத்து, தங்கள் மகன்மாரின் முடிவைக் கேட்டு அலைந்தார்கள். எங்கள் வரவேற்பறைகளில் அவர்களைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறோமா? அதே போல, எங்கள் கற்களில் எழுதியிருந்த வயதுகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் அவற்றின் கீழே கிடந்தார்கள். வீரம் என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிட முடியாது.

எல்லாளன் சமாதி

எதிரிக்கு வீதியோரம் மரியாதை என்பது நடக்கக்கூடியதா என்று சிலர் கேட்கலாம். அதே தீவில் அதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. அதுவும் மகாவம்சத்திலேயே இருக்கிறது.

கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனை, துட்டகைமுனு தனிச் சமரில் கொன்றான். கொன்ற பிறகு, விழுந்த இடத்திலேயே மரியாதையுடன் எரியூட்டி, நினைவுச் சின்னம் எழுப்பி, அதற்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டான். இலங்கை அரசர்கள் அவ்விடத்தைக் கடக்கும்போது மேளதாளத்தை நிறுத்துவார்கள் என்று மகாவம்சம் எழுதியவர் தமது காலத்து வழக்கமாகவே குறிப்பிடுகிறார். அவர் எழுதியது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. வழக்கம் அதோடு நிற்கவும் இல்லை. 1818 கண்டிக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஓடிய பிலிமத்தலாவை என்ற பிரதானி, அந்தப் பக்கம் வந்ததும் பல்லக்கை விட்டு இறங்கினாராம். களைத்துப்போயிருந்தும், சமாதியைத் தாண்டிவிட்டோம் என்று நிச்சயமாகும் வரை நடந்தே போனாராம். பிற்பாடு இலங்கையில் இருந்த மேஜர் போர்ப்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி தமது நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட மேட்டை, பிற்காலத்துத் தொல்லியலாளர் 'தக்கிண தூபம்' என்ற பௌத்த தூபி என அடையாளம் கண்டார்கள். எது எங்கே இருந்தது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் எதிரியின் நினைவிடத்தைக் கண்டால் வெற்றி மேளத்தை நிறுத்த வேண்டும் என்ற வழக்கம் இரண்டாயிரம் ஆண்டு நீடித்ததில் விவாதம் இல்லை.

துட்டகைமுனுவின் இயற்பெயர் காமணி. அதுவே இன்று காமினி என்று வழங்குகிறது. அந்த அரசனின் பெயரில் இராணுவத்தில் 'கெமுனு' படைப்பிரிவே இருக்கிறது. பெயரை எடுத்தவர்கள் அந்தக் கட்டளையையும் சேர்த்து எடுத்திருந்தால், கோப்பாயில் தாய்மார் முகாமுக்கு வெளியே நிற்க வேண்டி வந்திராது. அரசாங்கமே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு, 2011 இல், தேசிய தினத்தில் போரில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைவுகூரத் தனி நிகழ்வு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு மேற்கோள் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை, அநுராதபுரம் போதும்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

வானை நிறுத்தினால் இறங்குங்கள். அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். பிள்ளை கேட்பது நல்ல கேள்வி. 'நல்லவரா, கெட்டவரா' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இவர் காமினி. ஹசலக என்ற ஊர்ப் பிள்ளை. வயது இருபத்துநான்கு. தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்ற ஓடி வந்து இந்த இடத்தில் செத்துப்போனார். இந்த வண்டிக்குள் எங்கட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் தங்களோடு வந்தவர்களுக்கு மறைவு கொடுக்கத்தான் இதை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களும் இங்கேதான் செத்தார்கள். இவருக்குக் கல் இருக்கிறது. அவர்களுக்கு இருந்த கல்லை உடைத்துவிட்டார்கள்" என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். "ஏன் உடைத்தார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். அந்தக் கேள்வியோடு அவர்கள் வளரட்டும்.

அங்கே நின்று கேலி பேசவோ, சிரித்துப் படம் எடுக்கவோ வேண்டாம். தெற்கிலிருந்து வந்த ஒரு தாய் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பா. எங்கள் கற்களுக்கு முன்னால் மற்றவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி நாங்கள் நிற்போம். அங்கே ஒரு நிமிடம் மௌனமாக நிற்பதால் எங்கள் பிள்ளைகளை மறந்தவர்கள் ஆகிவிட மாட்டோம்.

பிறகு பயணத்தைத் தொடர்ந்து உங்கள் ஊருக்குப் போனதும், உங்கள் குடும்பத்தில், உங்கள் ஒழுங்கையில் திரும்பி வராத ஒருவரின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எங்கே படித்தார், என்ன சாப்பாடு பிடிக்கும், யாரிடம் அடி வாங்கினார் என்று சொல்லுங்கள். கல்லில் எழுதிய பெயரை உடைக்கலாம். பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பெயரை உடைக்க எந்த இயந்திரமும் இல்லை.

கொழும்பிலிருந்து புத்தளம் வழியாகப் போகிறவர்கள் அநுராதபுரத்தைக் கடந்துதான் போவீர்கள். அந்த இடத்தில் வானில் பாட்டுப் போட்டிருந்தால் சாரதி தம்பியிடம் சொல்லி ஒரு ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனையிறவு வரும்போது அவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.

என்னிடம் இரவல் வாங்கிய கணக்கியல் கொப்பியை அவன் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த அம்மாவோடு கோப்பாய் வீதியோரம் நின்று ஒரு சுட்டி கொளுத்த எண்ணியிருக்கிறேன். போகிற வழியில் ஆனையிறவிலும் இறங்குவேன்.